ஆறுதல் நேரம் முடிந்துவிட்டது

செருப்புக்கடையை மூடியபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். கடையில் அவருக்கு இருந்த வேலை, வருகிறவர்களின் காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துச் சிரிப்பது. செருப்பு விற்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் அந்த இடத்தைக் கைப்பேசிக் கடையாக்கினார்கள். கைப்பேசி வாங்க வருகிறவர்கள் காலை நீட்டுவதில்லை. ஆகவே கடைக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். தெருவில் அவரைக் கடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை போனபிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

சில மாதங்கள் அவர் வீட்டுச் சுவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் செய்தித்தாளைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

“மன அழுத்த ஆய்வு நிலையமாம். படிப்பு வேண்டாம், முகம் இருந்தா போதும்னு போட்டிருக்கு. போய்த்தான் பாருங்களேன்.”

“முகம் எல்லாருக்கும்தான் இருக்கு.”

“அப்போ கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். சீக்கிரம் கெளம்புங்க.”

நிலையம் நீளமான கட்டடம். வராந்தாவில் நடந்தால் நிழல்கூட விழாத அளவுக்கு விளக்குகள். ஒவ்வொரு கதவிலும் ‘அமைதி’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். இயக்குநர் உருண்டையான மனிதர். எதற்கும் கவலைப்பட்டே அறியாதவர்போல மெத்தென்று பேசினார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் சிரித்தார்.

“பாருங்க! இந்தச் சிரிப்பைப் பாருங்க!” என்று இயக்குநர் பக்கத்திலிருந்த பயிற்சியாளர் அம்மாவிடம் துள்ளினார்.

வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

“இதை அணைச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க!” என்றார் இயக்குநர். பிறகு கடைக்காரரிடம் பொறுமையாக விளக்கினார். “சிடுமூஞ்சிகளை வெச்சுப் பார்த்துட்டோம் சார். அவங்க முறைச்சா, வர்றவங்க ‘அந்தாளு சுபாவமே அப்படி’ன்னு தட்டிவிட்டுட்டுப் போயிடறாங்க. உங்களை மாதிரி ஒரு ஆள் முறைச்சாத்தான், ‘ஐயோ, நாம என்ன தப்பு பண்ணோம்’னு வயித்தைக் கலக்கும். எரியுற விளக்கை அணைச்சாத்தானே இருட்டு?”

நிலையத்தின் வேலை இதுதான்: கவலையில்லாத மனிதர்களைக் கூட்டிவந்து, கவலைப்படவைத்து, அந்தக் கவலையை அளப்பது. வந்தவரை முதலில் அமைதி அறையில் மீன்தொட்டிப் படத்தின் எதிரே உட்காரவைப்பார்கள். பிறகு மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் நிறுத்துவார்கள். தான் ஆசைப்படும் வேலைக்குத் தான் ஏன் தகுதியான ஆள் என்று அவர் பேச வேண்டும். பேசி முடித்ததும், ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. குழு வெள்ளை அங்கியில் கல்லாக உட்கார்ந்திருக்கும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஒரு நர்ஸ் பஞ்சுச் சுருளைக் கொடுத்து வாயில் அதக்கச் சொல்வாள். மனதில் இருக்கும் கவலை எச்சிலில் இறங்கிவிடும், எவ்வளவு இறங்கியது என்று இயந்திரம் சொல்லிவிடும் என்றார்கள். எல்லாம் முடிந்தபின் ஆறுதல் அதிகாரி வந்து, ‘அத்தனையும் நடிப்புதான், நீங்கள் நன்றாகவே செய்தீர்கள்’ என்று சொல்லி, பிஸ்கட் கொடுத்து அனுப்பிவைப்பார்.

குழுவில் கடைக்காரரோடு இன்னும் இரண்டு பேர். ஒருவர் தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா. மற்றவர் பொருட்காட்சிகளில் உடம்பு முழுக்க வெள்ளி வண்ணம் பூசிக்கொண்டு சிலையாக நின்று பிழைத்தவர். அந்த இருவருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. கடைக்காரரை மட்டும் கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள்.

சிரிப்பை நிறுத்துவது அவர் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அவரைப் படுத்தி எடுத்தது வேறொன்று.

“நான் பேசும்போது நீங்க ‘ம்’ கொட்டறீங்க,” என்றார் பயிற்சியாளர் அம்மா.

“நானா? இல்லையேம்மா.”

“இப்பதான் கொட்டுனீங்க.”

“ம்,” என்றார் கடைக்காரர்.

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். “சார், ‘ம்’ங்கிறது சின்ன எழுத்துன்னு நெனைக்காதீங்க. எதிர்ல இருக்கிறவனை மனுஷனா மதிச்சுட்டீங்கன்னு அதுக்கு அர்த்தம். அவன் அதைப் புடிச்சுக்கிட்டே கரையேறிடுவான். நம்ம ஒரு நாள் உழைப்பு வீண். தொண்டையை இறுக்கிக்கங்க. உள்ள எதுவும் போகாத மாதிரி உக்காருங்க.”

அவர் தொண்டையை இறுக்கிக்கொள்ளப் பழகினார். எதிரே இருப்பவர் பேச ஆரம்பித்ததும் தன் உதட்டையும் புருவத்தையும் தாடையையும் ஒவ்வொன்றாக எண்ணத்தில் தொட்டுக் காவல் காப்பார். அந்தக் காவலிலேயே நேரம் போய்விடும். நாளடைவில் நிலையம் அவரை மெச்சத் தொடங்கியது. கண்காணிப்பாளர் அம்மாவே ஒருமுறை, “நீங்க முன்னுக்கு வந்துட்டீங்க,” என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

வாசலில் ஆள் சேர்க்கும் அறையைத் தாண்டித்தான் அவர் தினமும் போக வேண்டும். அங்கே ஒருநாள் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பேசுவேன் சார். எடுத்துக்கங்க சார்.”

“வீட்ல ஏதாச்சும் பிரச்சினை உண்டா?”

“அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மத்தபடி ஒண்ணுமில்ல.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டார். “வெளிக்கவலை இங்க செல்லாதுங்க. அதை முடிச்சுட்டு வாங்க.”

“எப்படி சார் முடிக்கிறது?”

“அது எங்க துறை இல்ல.”

இதைப் பற்றி இயக்குநர் ஆண்டுவிழாவில் மேடையேறிப் பேசினார். “கவலை எங்கும் கிடைக்கிறது. ஆனால் சுத்தமான கவலை எங்கே கிடைக்கிறது? தெருவில் விளைகிற கவலையில் நோய் கலந்திருக்கிறது, கடன் கலந்திருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு கலந்திருக்கிறது. எதை அளப்பது? ஒரு மனிதர் எங்களால் கவலைப்பட்டார் என்றால் அது அறிவியல். தானாகவே கவலைப்பட்டார் என்றால், மன்னிக்கவும், அது அவருடைய சொந்த விஷயம்.” கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. சிலைக்காரர் மட்டும் தட்டவில்லை. அவர் வேலையை வீட்டுக்கும் எடுத்துச்செல்கிற ரகம்.

கடைக்காரரும் அந்த ரகமாகிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள். முழங்கால் வீக்கத்தைப் பற்றிச் சொன்னாள், எதிர்வீட்டில் வந்த சண்டையைச் சொன்னாள், மகளுக்கு வேலை மாற்றலாகலாம் என்று சொன்னாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, காதுல விழுதா?”

விழுந்தது என்றுதான் அவர் நினைத்தார். தொலைபேசியில் மகள், “அப்பா எப்படிம்மா இருக்காரு?” என்று கேட்டபோது மனைவி சொன்னாள்: “இருக்காரு. தபால்பெட்டிகிட்ட பேசுற மாதிரி இருக்கு. போட்டுக்கிட்டே இருக்கேன், எங்க போகுதுன்னு தெரியல.”

அந்தச் சமயத்தில்தான் சலவைக்காரப் பெண் வந்தாள்.

முப்பதை நெருங்கியவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலைக்கு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் நாலு பேர் எதிரே பேசிப் பழகிக்கொள்ளலாம் என்று நிலையத்தின் விளம்பரத்தைப் பார்த்து வந்திருந்தாள். மீன்தொட்டிப் படத்தை ஆசையாகப் பார்த்தாளாம், நர்ஸ் பிறகு சொன்னாள்.

குழுவின் முன்னால் வந்து நின்றதும் அவள் முகம் மலர்ந்தது.

“சார், நீங்க செருப்புக்கடையில இருந்தவருதானே? எனக்கு அகலப் பாதம், நாள்பூரா நிக்கிற வேலைன்னு சொன்னதும் பரண்ல ஏறித் தேடிக் குடுத்தீங்களே. இதுதான் சார் அது.” குனிந்து காலைக் காட்டினாள்.

கடைக்காரர் தாடையைக் காவல் காத்தார்.

“உங்களுக்கான நேரம் ஓடிட்டிருக்கு,” என்றார் கண்காணிப்பாளர் அம்மா. “ஆரம்பிங்க.”

அவள் ஆரம்பித்தாள். பேசும்போது மற்ற இருவரையும் விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் முதலில் பார்த்தாள். பிறகு, தெரிந்த முகம் இப்படி இருக்கிறதே என்ற திகைப்பில் பார்த்தாள். குரல் இறங்கியது. எதிரே இல்லாத ஒரு விரிப்பை அவள் கைகள் மடித்தன. பாதியில், “நிறுத்துங்க,” என்றார் கண்காணிப்பாளர் அம்மா. “இதுவரைக்கும் சொன்னது போதாது. வேற ஏதாவது சொல்லுங்க.” அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். “சரி. கழிக்க ஆரம்பிங்க.” மூன்றாவது முறையும் முதலிலிருந்து என்றபோது அவள் கடைக்காரரைப் பார்த்து, “சார், நான் அவ்வளவு மோசமா சார்?” என்று கேட்டாள்.

அவர் அசையவில்லை. அவருடைய மிகச் சிறந்த வேலை அதுதான் என்று பின்னால் பதிவாயிற்று.

நர்ஸ் பஞ்சுச் சுருளை வாங்கிக்கொண்டதும் அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். ஆறுதல் அறையில் ஆளில்லை. ஆறுதல் அதிகாரி அன்று ஆறுதலை மேம்படுத்துவது பற்றிய கருத்தரங்குக்குப் போயிருந்தார். வேறு யாரும் ஆறுதல் சொல்ல அதிகாரம் பெறவில்லை. காவலாளி அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அவளுடைய எச்சிலின் கோடு நிலையத்தின் வரலாற்றிலேயே இல்லாத உயரத்துக்குப் போயிருந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து வராந்தாவில் மாட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். இயக்குநர் கடைக்காரரின் தோளைத் தட்டினார். “கலை சார் இது. சுத்தக் கலை.”

கடைக்காரருக்குத் தேநீர் இறங்கவில்லை. மறுநாள் ஆறுதல் அதிகாரியைப் போய்ப் பார்த்தார்.

“அந்தச் சலவைக்காரப் பொண்ணுகிட்ட எல்லாம் நடிப்புன்னு சொல்லியாச்சுங்களா?”

அதிகாரி வருத்தமாகத் தலையை ஆட்டினார். அவர் எதையும் வருத்தமாகத்தான் செய்வார், அதற்குத்தான் சம்பளம். “சோதனை முடிஞ்ச அரைமணிக்குள்ள குடுத்தாத்தான் அது ஆறுதல் சார். நேரம் முடிஞ்சப்புறம் குடுத்தா அது தலையீடு.”

“அது நெஜம்னு நெனச்சுக்கிட்டுப் போயிருக்குமே.”

“நெனச்சிருக்கலாம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு,” என்று அவர் கடைக்காரருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

இயக்குநரிடம் போனார். இயக்குநர் முழுதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்கள் விரிந்தன.

“அப்போ இன்னும் அவங்களுக்கு உண்மை தெரியாது?”

“தெரியாது சார். அதான் நான் போய்…”

“போகாதீங்க! தயவுசெஞ்சு போயிடாதீங்க. உண்மை தெரியாம ஒரு நாள்கூட யாரும் இருந்ததில்ல சார். அரைமணியில நாமளே கெடுத்து அனுப்பிடறோம். இது தானா அமைஞ்சிருக்கு.” உடனே தொலைபேசியை எடுத்து ‘நீடித்த விளைவுகள்’ என்று ஒரு புதிய பிரிவு தொடங்க ஏற்பாடு செய்தார்.

மிச்சமிருந்தது நெறிமுறைக் குழு. மனிதர்களுக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. தலைவர் நரைத்த தலையும் கனிந்த குரலுமாக இருந்தார். கடைக்காரரின் முறையீட்டைக் கேட்டுவிட்டு எழுந்து நின்று தீர்ப்பு சொன்னார்.

“நண்பர் கேட்பது மிக உயர்ந்த கேள்வி. அந்தப் பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்ததா? இதை அறிய அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டால், தனக்குத் தீங்கு நேர்ந்திருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரியவருவதே ஒரு தீங்கு. தீங்கு விளைவிக்க இந்தக் குழு ஒருபோதும் துணைபோகாது.”

உறுப்பினர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் கடைக்காரரின் முகம் கெட்டுப்போயிற்று. கவலை அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் பேச வந்த வங்கி ஊழியர் ஒருவர், பாதியில் நிறுத்திவிட்டு அவரிடம் வந்து, “சார், உடம்பு சரியில்லையா? தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அந்த ஊழியரின் எச்சிலில் கவலையே இல்லை. எதிரே இருப்பவர் நம்மைவிடக் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்தால் ஆட்கள் அமைதியாகிவிடுகிறார்களாம். இப்படி இன்னும் சிலர் அமைதியானதும், நிலையத்துக்கு நஷ்டம் என்று கடைக்காரரைக் குழுவிலிருந்து எடுத்து, எச்சில் குப்பிகள் இருக்கும் குளிர் அறையைக் காவல் காக்கப் போட்டார்கள்.

குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருக்கு அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ‘சார், நான் அவ்வளவு மோசமா சார்?’ ஒரு மதியம் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பேருந்து ஏறினார்.

சலவை நிலையத்தில் நீராவியும் சோப்பு வாசனையும் ஆளை மறைத்தன. கல்லாவில் பருத்த அக்கா ஒருத்தி இருந்தாள். தான் யார் என்று அவர் சொன்னதும் அவள் எழுந்துவிட்டாள்.

“நீங்கதானா அது? புள்ள அங்க போயிட்டு வந்ததிலேர்ந்து வாயே திறக்கறதில்ல. இன்டர்வியூவுக்கும் போகல. எவ்வளவோ சொன்னேன். ‘படிச்சவங்க மூணு பேர் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சுக்கா, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு’ங்கிறா. என்னதான் பண்ணீங்க?”

“நான் படிச்சவன் இல்லம்மா,” என்றார் கடைக்காரர்.

சலவைக்காரப் பெண் உள்ளே நீண்ட மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கை நின்றது, பிறகு மறுபடி ஓடியது. அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“அம்மா, அன்னைக்கு நடந்தது அத்தனையும் நடிப்பு. நாங்க அப்படித்தான் உக்காரணும்னு எங்களுக்கு உத்தரவு. யார் வந்து எப்படிப் பேசினாலும் அப்படித்தான். உங்க மேல தப்பே இல்ல.” சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார். பழைய சிரிப்பு பாதியளவுக்கு வந்தது.

அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பின்வாங்கினாள். “இதுவும் அந்தச் சோதனையில ஒண்ணா சார்?”

“இல்லம்மா! சத்தியமா இல்ல.”

“அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பாங்க.”

“நீங்க நல்லாப் பேசினீங்கம்மா. ரொம்ப நல்லாப் பேசினீங்க.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “என்ன பேசினேன்? சொல்லுங்க.”

கடைக்காரர் யோசித்தார். அவள் குனிந்து காலைக் காட்டியது நினைவிருந்தது. கைகள் மடித்தது நினைவிருந்தது. தன்னுடைய தாடை வலித்தது நன்றாக நினைவிருந்தது. அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியைத் தவிர, பேச்சில் வேறு ஒரு வார்த்தையைத் தேடினார். எங்கெங்கோ துழாவினார். ஆஸ்பத்திரி, நோயாளி என்று எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலம்மா,” என்றார் கடைசியில். “நான் கேக்கல. மூஞ்சியைப் புடிச்சு வெச்சுக்கிட்டிருந்தேன். ஒண்ணும் காதுல ஏறல.”

“மத்த ரெண்டு பேரு?”

“அவங்களும்தான். எச்சிலை மட்டும்தான் எடுத்து வெச்சிருக்காங்க. பேச்சை யாரும் எடுத்து வைக்கல.”

நீராவி புஸ்ஸென்று அடங்கியது. அவள் அவரை நேராகப் பார்த்தாள். இப்போதுதான் அவர் சொல்வதை நம்புகிறாள் என்று தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் ஆறுதல் இல்லை.

“அப்போ அந்த ரூம்ல யாருமே கேக்கலையா?”

“இல்லம்மா.”

“கேட்டுட்டுத்தான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு நெனச்சு அழுதுக்கிட்டிருக்கேன் சார் இத்தனை நாளா.” விரிப்பின் ஓரத்தைக் கையால் நீவினாள். “நான் நல்லாத்தான் பேசினேன். எங்கப்பாவைப் பத்திப் பேசினேன்.”

“சொல்லுங்கம்மா. இப்ப கேக்கிறேன்.”

“எதுக்கு?”

அக்கா உள்ளே வந்து, சுற்றிக்கொண்டிருந்த பெரிய இயந்திரத்தை நிறுத்தினாள். மூட்டை ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். அவர் அதன்மேல் உட்கார்ந்தார்.

சலவைக்காரப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள். அப்பா பக்கவாதத்தில் விழுந்தது. உடம்பில் புண் வராமல் இருக்க அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திருப்பிப்போட்டது. அவர் கனமான மனுஷர், அவளோ மெலிந்தவள். முதலில் அவருக்கு வலிக்குமே என்று பயந்துகொண்டே திருப்பினாளாம். பயந்த கை வலிக்கவைக்கும் என்று பிறகுதான் தெரிந்ததாம். அதற்கப்புறம் தோளுக்கடியில் கையை முழுசாகக் கொடுத்து, திருப்பப்போறேன்ப்பா என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புவாளாம். அவர் பேச முடியாதவர், ஆனால் சொல்லிவிட்டுத் திருப்பினால் முனகமாட்டாராம்.

ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நிமிர்ந்து கடைக்காரரின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். அவருக்குத் தன் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள நேரம் இல்லை.

“அதனாலதான் சொல்றேன், இந்த வேலைக்கு நான்…” என்று ஆரம்பித்தாள்.

அன்று அவளை நிறுத்தச் சொன்ன இடம் அதுதான் போலிருக்கிறது. இப்போது யாரும் சொல்லவில்லை. இயந்திரமும் ஓடவில்லை. கடைக்காரர் மூட்டையின் நுனிக்கு நகர்ந்து காத்திருந்தார். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அந்த இடத்தைத் தாண்டி அடுத்த வார்த்தை வரவில்லை.